வாராயோ வெண்ணிலாவே: அரக்குத் தட்டிலிருந்து கணினிக்கு

1955 பொங்கலை ஒட்டித் தமிழில் 'மிஸ்ஸியம்மா'வும் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா'வும் வெளிவந்தன. எஸ். இராஜேஸ்வர ராவின் இசையில் இரண்டு படங்களிலும் ஒரே மெட்டில் ஒலித்த 'வாராயோ வெண்ணிலாவே' (தெலுங்கில் 'ராவோயி சந்தமாமா') பாடலின் பழைய அரக்கு இசைத்தட்டுகளைத் திரட்டி, சுருதி பிசகாமல் கணினியில் ஏற்றி ஒப்பிடும் வேலையை மும்பை மாதுங்காவில் உள்ள என் வீட்டில் சில மாதங்களாகச் செய்து வருகிறேன்.

தமிழ்த் தட்டு, பழைய பொருள்கள் விற்கும் சோர் பஜாரின் மட்டன் தெருவில், பழைய இந்தித் தட்டுகளின் அடுக்குக்கு நடுவே கிடைத்தது. தெலுங்குத் தட்டை உறவினர் ஒருவர் கொடுத்தார். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தால் அரக்கே கரைந்துவிடும் என்பதால், நடுவில் ஒட்டிய தாள் நனையாதபடி மென்மையான சோப்பு நீரால் மட்டுமே துடைத்தேன். பின்னாளில் வந்த எல்.பி. எனும் நீண்டநேரத் தட்டுக்கான மெல்லிய ஊசி இதன் அகன்ற பள்ளத்தின் அடியில் உரசிக் கரகரக்கும். ஏறத்தாழ மூன்று மடங்கு பருத்த முனையுள்ள ஊசியைப் பொருத்திய பிறகே குரல்கள் தெளிந்தன.

அதிக நேரம் எடுத்தது வேகம்தான். சுழற்சி 6 விழுக்காடு மாறினாலே சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை நகர்ந்துவிடும். அப்புறம் இரண்டு மொழிப் பதிவுகளையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்ற வேண்டும். அதைச் சரிபார்க்க, 77 கோடுகள் வரைந்த வட்டத் தாளைத் தட்டின்மேல் வைத்து, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்கும் விளக்கின் கீழ் அந்தக் கோடுகள் அசையாமல் நிற்கும்வரை வேகத்தைத் திருத்தினேன். இன்றைய எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் போதிய மினுக்கம் இல்லாததால், பரணில் கிடந்த பழைய குழல்விளக்கை இறக்க வேண்டியதாயிற்று.

நாயகர்கள் தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் என்.டி. ராமாராவ், பாடியவர்களோ இரண்டிலும் ஏ.எம். ராஜாவும் பி. லீலாவும்தான். ஆகவே காதுக்குப் படும் வேறுபாடு பெரும்பாலும் பாடல் வரிகளால் வருவதே. தஞ்சை ராமையாதாஸின் பல்லவி 'ஏ' ஒலியிலும், பிங்கலி நாகேந்திர ராவின் பல்லவி 'ஆ' ஒலியிலும் முடிகின்றன. ராஜாவின் மென்மையான குரலுக்கு ஏகாரத்தின் குறுகிய நீட்சி கூடுதலாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். தெலுங்கு நண்பர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

1957இல் எல்.வி. பிரசாத் இதே கதையை இந்தியில் 'மிஸ் மேரி'யாக எடுத்தபோது, இசையமைத்த ஹேமந்த் குமார் இந்த மெட்டை விட்டுவிட்டார். முகமது ரஃபியும் லதா மங்கேஷ்கரும் பாடிய 'ஓ ராத் கே முசாஃபிர்' புதிய மெட்டு. நிலாவிடம் வழக்குரைக்கும் சூழ்நிலை மட்டுமே அப்படியே இருக்கிறது. ஆனால் 'மிஸ்ஸியம்மா'வின் இன்னொரு பாடலான 'பிருந்தாவனமும் நந்தகுமாரனும்' மெட்டு மாறாமல் இந்திக்குப் போனது. அதன் சுத்த சாவேரி, வடக்கில் துர்கா என்ற பெயரில் இந்தி ரசிகர்களுக்கு முன்பே பழகிய ராகம் என்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

இரைச்சலை மென்பொருளால் முழுவதும் நீக்கிப் பார்த்ததில் லீலாவின் குரலிலிருந்த கூர்மையும் சேர்ந்தே மழுங்கியது. எனவே வெடிப்பொலிகளை மட்டும் கையால் களைந்து, மற்றதைத் தொடாமல் சேமித்திருக்கிறேன். அடுத்ததாக 'பிருந்தாவனமும்' பாடலின் தமிழ், இந்தித் தட்டுகளைத் தேடுகிறேன்.