ஸ்டாப் செய்த பிறகும் ஓடும் மீட்டர்

எங்கள் டீமில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஏடபிள்யூஎஸ் (இணையம் வழியாகச் சர்வர்களை வாடகைக்குத் தரும் அமேசானின் சேவை) பழக்கிவிடுவது என் வேலை. கோடு எழுதுவதில் அவர்களுக்குப் பெரிய சிரமம் இருப்பதில்லை. வீட்டில் சொந்தக் கார்டைக் கொடுத்துப் பயிற்சிக் கணக்கு திறந்திருப்பார்கள். மாதம் பிறந்து பில் வரும்போதுதான் முகம் மாறும். "அண்ணா, எல்லாத்தையும் ஸ்டாப் பண்ணிட்டேனே!" என்பார்கள்.

அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஈசி2 என்ற வாடகைச் சர்வரை ஸ்டாப் செய்தால் சர்வருக்கான கட்டணம் நிற்கும். அதில் மாட்டியிருக்கும் இபிஎஸ் டிஸ்குக்கான கட்டணம் நிற்காது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் வாடகை நின்றுவிடுமா? எலாஸ்டிக் ஐபி (நமக்கென ஒதுக்கிக்கொள்ளும் மாறாத பொது இணைய முகவரி) ஒன்று வாங்கி வைத்திருந்தால் அதுவும் ஓடும். 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும், பயன்படுத்தினாலும் சும்மா கிடந்தாலும், மணிக்கு 0.005 டாலர்; மாதத்துக்கு மூன்றரை டாலருக்கு மேல். டேட்டாபேஸை வாடகைக்குத் தரும் ஆர்டிஎஸ் இன்னும் வேடிக்கை. டேட்டாபேஸை ஸ்டாப் செய்தால் ஏழு நாளில் அது தானாகவே மறுபடி கிளம்பிவிடும். பராமரிப்பு அப்டேட்கள் விட்டுப்போகக் கூடாதாம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டு வருபவருக்கு இது தெரிய நியாயமில்லை.

எல்லாவற்றிலும் அதிகம் அடிபடுவது நாட் கேட்வேயில்தான்; தனி நெட்வொர்க்குக்குள் இருக்கும் சர்வர்கள் இணையத்துக்குப் போகும் வாசல் அது. போன பேட்சில் ஒரு பெண், யூடியூப் பாடம் பார்த்து அழகாக ஒரு விபிசி (ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் நமக்கென ஒரு தனி நெட்வொர்க்) கட்டியிருந்தார். பாடம் முடிந்ததும் சர்வர்களை டெர்மினேட்டும் செய்துவிட்டார். ஆனாலும் பில் வந்தது. செலவைப் பிரித்துக் காட்டும் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தோம். 'ஈசி2-அதர்' என்று ஒரு வரி. அதைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. யூசேஜ் டைப் வாரியாகப் பிரித்த பிறகுதான் நாட் கேட்வே மணிக்கணக்கு வெளியே வந்தது. வர்ஜீனியா ரீஜனில் (ரீஜன் என்பது அமேசானின் சர்வர்கள் இருக்கும் வட்டாரம்) மணிக்கு 0.045 டாலர், கடந்துபோகும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனியாக இன்னொரு 0.045. ஒரு பைட் கூடப் போகாவிட்டாலும் மாதத்துக்கு 32 டாலர் ஆகிவிடும். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

சரி, அழித்துவிடலாம் என்று விபிசி பக்கத்துக்குப் போனால் அங்கே எதுவும் இல்லை. வலப்பக்க மேல்மூலையில் மும்பை என்று இருந்தது. அவர் பாடத்தில் காட்டியபடி வர்ஜீனியாவில் கட்டியிருக்கிறார். கன்சோலில் பெரும்பாலான பக்கங்கள் ஒரு சமயத்தில் ஒரு ரீஜனைத்தான் காட்டும். பில் மட்டும் எல்லா ரீஜனையும் சேர்த்து வரும். அதனால் தேடலைப் பில்லிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். இந்த யூடியூப் பாடங்களில் பல, அழிக்கும் கட்டத்துக்கு வருவதற்குள் 'சப்ஸ்கிரைப் செய்யுங்கள்' என்று முடிந்துவிடுகின்றன. எனக்கு அவற்றின் மேல் அந்த ஒரு கோபம் உண்டு.

செலவு ஒரு தொகையைத் தாண்டினால் எச்சரிக்கும் பட்ஜெட் அலர்ட் போட்டிருக்கிறேன், பயமில்லை என்பவர்களும் உண்டு. அலர்ட் வெறும் மெயில். செலவை அது தடுக்காது. பில் விவரம் நாளுக்குச் சில முறைதான் புதுப்பிக்கப்படும் என்பதால், மெயில் வருவதற்குள் அரைநாள் ஓடியிருக்கலாம். ஆக்சஸ் கீயை (கணக்கைப் புரோகிராம் வழியாக இயக்கும் ரகசியச் சாவி) கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டவருக்கு அந்த அரைநாள் ரொம்ப நீளம். யாரோ அதை எடுத்துக் கிரிப்டோ மைனிங்குக்குப் பெரிய பெரிய சர்வர்களாகக் கிளப்பிவிடுவார்கள். அலர்ட் போடுங்கள், ஆனால் ஐந்து டாலருக்குப் போடுங்கள்.

2025 ஜூலை 15-க்குப் பிறகு கணக்கு திறப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. இலவசத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆறு மாதம், அல்லது அமேசான் கொடுக்கும் கிரெடிட் (இலவசத் தொகை) தீரும்வரை. அதுவரை கார்டில் பணம் பிடிப்பதில்லை. பழைய வீடியோக்கள் இன்னும் பன்னிரண்டு மாத இலவசம் பற்றியே பேசிக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பெண் அன்றே கேட்வேயை அழித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். அதற்கென்று எடுத்த எலாஸ்டிக் ஐபி கேட்வேயோடு சேர்ந்து போகாது, தனியாக ரிலீஸ் செய்ய வேண்டும். அதையும் செய்யவைத்து, இரண்டு நாள் கழித்துக் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரை நாள்வாரியாகத் திறந்து பார்க்கச் சொன்னேன். அன்றைக்கே பார்த்தால் பழைய கணக்குதான் தெரியும்.