மூன்றாவது முறை கிடைத்த நீலம்

ஒருவழியாக நீலம் வந்துவிட்டது! திட்டு இல்லாத, தொட்டால் கையில் ஒட்டாத நீலம். ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இது மூன்றாவது ஞாயிறு. மஞ்சள்தூளில் மஞ்சளும் வெங்காயச் சருகில் செங்கல் நிறமும் முதல் நாளே அமைந்துவிட்டன. மல்லுக்கட்டியதெல்லாம் ஊதா முட்டைக்கோஸோடுதான்.

கோஸை நறுக்கிக் கொதிக்கவிட்டு வடித்தால் ஊதாச் சாறு. வினிகர் விழுந்த நொடியே அது ரோஜா நிறத்துக்குத் தாவும். ஆனால் அந்த ரோஜாச் சாற்றில் ஊறிய வெள்ளை முட்டை நீலமாக வெளியே வரும்! சாற்றிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பில் சிவக்கும், புளிப்பை முறிக்கும் காரப்பொருள் (சமையல் சோடா மாதிரி) பட்டால் நீலமாகும். ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தன்னை ஒட்டிய இடத்தில் புளிப்பை முறித்துவிடுகிறது. இதை விளக்காமல், ஒரு கரண்டி ரோஜாச் சாற்றில் சிட்டிகை சமையல் சோடாவைப் போடச் சொன்னேன். நுரைத்துக்கொண்டே நீலமானது. "அப்போ முட்டை ஓடும் சோடா மாதிரியாம்மா?" என்று மகளே கேட்டுவிட்டாள். அன்றைக்கு எனக்கு அது போதும்.

சிக்கல் வினிகர் அளவில். நிறம் நன்றாகப் பிடிக்கட்டும் என்று முதல் முறை 250 மில்லி சாற்றுக்குக் கால் கப் ஊற்றினேன். காலையில் பார்த்தால் ஓடு சாக்பீஸ் போலச் சொரசொரப்பாக இருந்தது, நீலம் முழுக்க விரலோடு வந்துவிட்டது. ஓட்டின் மேற்பரப்பே கரைந்து உதிரும்போது சாயம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

அடுத்த முறை ஒரே ஒரு மேசைக்கரண்டி. நிறம் நின்றது, ஆனால் உடம்பெல்லாம் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள். காரணத்தைக் கண்டுபிடித்தது சின்னவன். பூதக்கண்ணாடியைத் தம்ளரோடு ஒட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, முட்டைக்கு வேர்க்குது!" என்றான். வினிகர் ஓட்டைத் தொட்டதும் கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு, குட்டிக் குட்டி மணிகளாக முட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. குமிழி உட்கார்ந்த இடத்தில் சாறு படவே இல்லை. பெரிய வெள்ளைத் திட்டு ஒன்று மட்டும் குமிழி வேலை இல்லை. அது என் கட்டைவிரல் எண்ணெய்.

அதனால் இந்த முறை வேகவைத்த முட்டையைச் சோப்பு போட்டு அலசினோம், அப்புறம் கரண்டியால் மட்டுமே தொட்டோம். முதல் அரைமணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவது பிள்ளைகளின் வேலை. பிறகு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில். வெளியே எடுத்ததும் துணியால் துடைக்கவே கூடாது, ஈரச் சாயம் வழித்துக்கொண்டு போய்விடும். தெர்மோகோலில் நான்கு குண்டூசி குத்தி அதன் மேல் நிறுத்தினேன். இதைவிட நல்ல ஸ்டாண்டு கிடையாது. காய்ந்ததும் மறுபடி ஃபிரிட்ஜுக்குள். வேகவைத்த முட்டை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் சாப்பிடக் கொடுப்பதில்லை.

வினிகர் வாங்கும்போது பாட்டிலில் செறிவைப் பாருங்கள். நான் சொன்ன அளவு 5 சதவீதத்துக்கு. முட்டையும் வெள்ளை ஓடாக இருக்கட்டும், பழுப்பு ஓட்டில் இந்த நீலம் மங்கலாகத்தான் தெரிகிறது.

அடுத்து மெழுகு. முட்டை வெதுவெதுப்பாக இருக்கும்போதே கிரேயானால் பெயர் எழுதி ஊறவைத்தால் எழுத்து வெள்ளையாக நிற்கிறது. மகளுக்கு அதற்கும் மேலே ஆசை: மெழுகால் சித்திரம் போட்டுச் சாயமேற்றும் உக்ரைனின் பிசாங்கா முட்டை போலச் செய்ய, உருகிய மெழுகால் கோடு இழுக்கும் கிஸ்ட்கா என்ற கருவி வேண்டுமாம். 2024-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த கலை பிசாங்கா. மெழுகுவத்திச் சுடரில் வேலை என்பதால் சின்னவனுக்கு இப்போதைக்குக் கிரேயான்தான். அவன் பெயர் எழுதிய முட்டை இன்னும் சாற்றில் கிடக்கிறது, கடைசி எழுத்தை மட்டும் திருப்பிப் போட்டிருக்கிறான். காலையில் எடுக்க வேண்டும்.