கனவு வந்தது எத்தனை மணிக்கு?

16 டிசம்பர் 2024, திங்கள், பெங்களூரு

பாம்பு துரத்தியது, பல் விழுந்தது, காலமான மாமியார் வந்து கூப்பிட்டார். இதற்கெல்லாம் என்ன பலன் என்றுதான் கேட்கிறார்கள். உடல்நலத்தையும் மனநலத்தையும் அறிய வேண்டுமானால், முதலில் கேட்க வேண்டியது எத்தனை மணிக்கு வந்தது என்பதைத்தான்.

தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் கட்டம் வரும். அதுதான் ரெம் தூக்கம். 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் க்ளைட்மனும் இதைப் பதிவு செய்தார்கள். கதைபோல நீளும் தெளிவான கனவுகளில் பெரும்பகுதி இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. முதல் சுற்றில் இது சில நிமிடங்களே இருக்கும், விடியலை நெருங்கும்போது அரைமணிவரைகூட நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். நீளமான கனவு, அதிலிருந்து நேராக விழிப்பு, அதனால் அப்படியே நினைவில் நிற்கிறது.

மார்கழி பிறந்துவிட்டது. அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் கோலம் போடவும் கோயிலுக்குப் போகவும் நாலரைக்கு எழுபவர்கள் உண்டு. இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால், போவது இரண்டு மணி நேரத் தூக்கம் மட்டுமல்ல. ரெம் அதிகமாக இருக்கும் பகுதியே அதுதான். நாள் முழுக்க எரிச்சல், சின்ன விஷயத்துக்கும் அழுகை என்றால் இதை முதலில் பாருங்கள். எழும் நேரத்தை மாற்ற முடியாதென்றால் ஒன்பதரைக்கே விளக்கை அணைத்துவிடுங்கள்.

18 டிசம்பர், புதன்

கனவுக் குறிப்பை 14 நாள் எழுத வேண்டும். தலைமாட்டில் நோட்டும் பென்சிலும் போதும், செல்போன் வேண்டாம். படுத்த நேரம், எழுந்த நேரம், கனவு முன்னிரவிலா நடுஇரவிலா விடியலிலா, அப்போது வியர்வை, படபடப்பு, கை கால் உதறல் இருந்ததா, காலையில் தலைவலி, வாய் வறட்சி உண்டா, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, கடைசிக் காபி எப்போது. கனவின் கதைக்கு ஒரே ஒரு வரி.

இரண்டு இடத்தில் தவறுகிறது. பல் விளக்கிவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் பாதி மறந்துவிடும். ஒவ்வொரு விழிப்பிலும் மணி பார்த்தால் அந்தப் பதற்றமே தூக்கத்தைக் கெடுக்கும். நேரத்தைக் குத்துமதிப்பாக எழுதினால் போதும்.

21 டிசம்பர், சனி

இந்த ஊரின் குளிருக்கும் தூசிக்கும் மூக்கடைப்பு என்று மான்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரையை இரவில் போடுபவர்கள் நிறையப் பேர். கெட்ட கனவு, மன அழுத்தம், தற்கொலை எண்ணம்வரை இந்த மருந்தால் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020இல் அதன் மருந்துக் குறிப்பிலேயே கடும் எச்சரிக்கையை ஏற்றியது. குழந்தைக்குக் கொடுக்கும்போது இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்.

ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் தரும் ப்ரோப்ரானோலால் மூளைக்குள் எளிதில் நுழையும், பயங்கரக் கனவு தரும். மறதி நோய்க்கான டோனெபெசிலை இரவில் போட்டால் கனவுகள் உக்கிரமாகும், மருத்துவரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். மனச்சோர்வு மாத்திரைகள் பல ரெம் தூக்கத்தை அமுக்கி வைப்பவை. திடீரென நிறுத்தினால் அடக்கியதெல்லாம் திரும்பிப் பாயும். அதனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து தொடங்கிய தேதியையும் கனவு தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

24 டிசம்பர், செவ்வாய்

எல்லாவற்றிலும் அலட்சியமாக விடப்படுவது இதுதான்: "அப்பா தூக்கத்தில் அடிக்கிறார், உதைக்கிறார்."

ரெம் தூக்கத்தில் மூச்சுக்கும் விழிக்கும் உரிய தசைகள் தவிர மற்றவற்றை மூளைத்தண்டு தளர்த்திப் போட்டுவிடும். கனவில் ஓடினாலும் கால் அசையாமல் இருப்பது அதனால்தான். அந்தப் பூட்டு பழுதானால் கனவில் திருடனைக் குத்துபவர், பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியைக் குத்துவார். எழுப்பினால் சட்டென்று தெளிந்து, கனவை ஒழுங்காகச் சொல்வார். பெரும்பாலும் இரவின் பின்பாதியில், 50 வயதுக்கு மேல் நடக்கும். ஷெங்க், மஹோவால்ட் குழுவினர் 1986இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். வேறு காரணம் இல்லாமல் வரும்போது, இவர்களில் பெரும்பாலோருக்கு ஆண்டுகள் கழித்துப் பார்க்கின்சனோ அதன் இனத்தைச் சேர்ந்த மறதி நோயோ வருவதைத் தொடர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாசனை தெரியாமல் போவதும் நாள்பட்ட மலச்சிக்கலும் கூடவே இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

உறுதி செய்ய, ஓர் இரவு முழுவதும் தூக்கப் பரிசோதனை வேண்டும். மோவாய்த் தசையில் மின்முனை ஒட்டி, ரெம் நேரத்தில் தசை தளர்கிறதா என்று பார்ப்பார்கள். விரலிலும் மூக்கிலும் மட்டும் கருவி மாட்டும் வீட்டுப் பரிசோதனையில் இது தெரியாது. காசைக் கொடுத்துவிட்டு "நார்மல்" என்று நிம்மதியடைந்து ஏமாறாதீர்கள். தூக்கத்தில் கடுமையான மூச்சுத்தடை உள்ளவரும் மூச்சுக்குத் திணறி இதேபோல உதறி எழுவார். அவருக்கு வேண்டியது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி. உதறலை அடக்கத் தரும் குளோனசெபாம் குறட்டைக்காரருக்கு மூச்சுத்தடையைக் கூட்டும், வயதானவரைத் தள்ளாட வைக்கும். எது எதனால் என்று தெரியாமல் மாத்திரை தொடங்குவது ஆபத்து.

இன்று இரவே செய்யக்கூடியது: மெத்தையைத் தரையில் போடுங்கள். கண்ணாடி டம்ளர், கூர்முனை உள்ள ஸ்டூல், இரும்பு பீரோ எதுவும் கை எட்டும் தூரத்தில் வேண்டாம். சிகிச்சை பிடிக்கும்வரை துணைவர் வேறு படுக்கையில் படுக்கட்டும். செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள், மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.

28 டிசம்பர், சனி

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவருக்குக் கெட்ட கனவு, நனைந்த பனியன், காலையில் தலைவலி மூன்றும் சேர்ந்தால், இரவு இரண்டு மூன்று மணிக்குச் சர்க்கரையைக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ப்ரோப்ரானோலால் சாப்பிடுபவருக்குப் படபடப்பு மறைந்துபோகும், வியர்வைதான் அடையாளம்.

1 ஜனவரி 2025, புதன்

நேற்றிரவு குடித்தவர்களுக்கு விடியலில் விசித்திரக் கனவும் விழிப்பும் வந்திருக்கும். மது முன்னிரவில் ரெம்மை அமுக்கும், உடம்பு அதை எரித்து முடித்ததும் அது பெருகி வரும். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தி, நடுக்கமும் இல்லாததைப் பார்ப்பதும் வந்தால் அது கனவல்ல. உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

4 ஜனவரி, சனி

அமுக்குவான். விழித்துவிட்டோம், கண் திறந்திருக்கிறது, உடம்பு அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார். ரெம்மின் தசைப்பூட்டு திறப்பதற்குள் நினைவு வந்துவிட்டது, அவ்வளவுதான். சில நொடியிலிருந்து சில நிமிடத்துக்குள் தானே விடும்.

எலக்ட்ரானிக் சிட்டியில் இரவு ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்குப் படுப்பவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். உடல் கடிகாரப்படி விடியல்தான் ரெம்முக்கான நேரம், அப்போது படுத்தால் அது சீக்கிரமே நுழைந்துவிடுகிறது. மல்லாந்து படுக்காதீர்கள், ஒருக்களித்துப் படுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத்திரை போடுங்கள். விடுமுறை நாளிலும் படுக்கும் நேரத்தை ஒரேயடியாகப் புரட்டாதீர்கள். வந்துவிட்டால் திமிறாமல், கால் பெருவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். பகலில் அடக்க முடியாத தூக்கமும், சிரித்தால் முழங்கால் மடங்குவதும் கூடவே இருந்தால் அது நார்கோலெப்சி என்ற தூக்க நோயாக இருக்கலாம். பரிசோதனை செய்துதான் ஆக வேண்டும்.

8 ஜனவரி, புதன்

ஒரே பயங்கரக் கனவு வாரந்தோறும் வந்து, படுக்கவே பயமாக இருந்தால் அதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு. பகலில், படுக்கையறைக்கு வெளியே செய்ய வேண்டும். முதலில் நடுத்தரமான ஒரு கனவைத் தேர்ந்தெடுங்கள். விபத்தோ வன்முறையோ அப்படியே திரும்பி வரும் கனவைத் தனியாகத் தொடாதீர்கள், அதற்கு உளவியலாளர் துணை வேண்டும். கனவை எழுதி, எந்த இடத்தில் வேண்டுமானாலும் உங்கள் மனம்போல மாற்றுங்கள். துரத்தும் நாய் உட்கார்ந்து வாலாட்டலாம், பூட்டிய கதவு பாட்டி வீட்டு முற்றத்தில் திறக்கலாம். பிறகு புதிய கதையை மட்டும் கண்ணை மூடித் தினமும் 10 முதல் 20 நிமிடம் காட்சியாக ஓட்டுங்கள்.

மாற்றத்தை வேறொருவர் சொல்லித் தந்தால் ஒட்டாது. பழைய கதையைத் திரும்பத் திரும்பப் படித்தால் அதுதான் பயிற்சியாகிவிடும். நாலு நாளில் விட்டுவிடாதீர்கள், வாரக்கணக்கில் செய்ய வேண்டும்.

அடிக்கடி வரும் கொடுங்கனவுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு உண்டு. வீட்டில் ஒருவர் "தூங்கவே பிடிக்கவில்லை" என்றால், சாக வேண்டும்போல் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416க்கு அழைத்தால், அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மனஸின் ஆலோசகர் பேசுவார், கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

11 ஜனவரி, சனி

பொங்கலுக்கு இரவுப் பேருந்தில் ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க. பேருந்தில் தூக்கம் கெட்ட குழந்தை மறுநாள் இரவு மிக ஆழமாகத் தூங்கும். படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் வீறிட்டு எழுந்து, கண் திறந்தபடி யாரையும் அடையாளம் தெரியாமல் அலறலாம். இது கனவு அல்ல, ஆழ்தூக்கத்திலிருந்து அரைகுறையாக விழிப்பது. உலுக்கி எழுப்பாதீர்கள், விளக்கைப் போட்டு எல்லோரும் சூழ்ந்து நிற்காதீர்கள், அலறல் கூடும். குழந்தை விழாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். சில நிமிடங்களில் தானே அடங்கி உறங்கிவிடும், காலையில் அதற்கு எதுவும் நினைவிருக்காது. கேட்டுப் பயமுறுத்தவும் வேண்டாம். ஊர் வீட்டில் மாடிப்படி, மொட்டைமாடி, கிணற்றடிக் கதவுகளைப் படுக்குமுன் தாழிட்டுவிடுங்கள். சில குழந்தைகள் எழுந்து நடக்கவும் செய்யும்.