முழங்கால் நோவோடு தாய் சி பழகியது

முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னதும் நான் நடப்பதையே குறைத்துக்கொண்டேன். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தை நடந்து கடந்த நான், சந்தைக்கும் ஆட்டோ பிடித்தேன். நோவு குறையவில்லை, தொடைதான் மெலிந்தது. தொடைத் தசை தளர்ந்தால் பாரம் முழுக்க மூட்டில் இறங்கும் என்று கிளினிக்கில் இருந்த பிசியோதெரபிஸ்ட் பிள்ளை விளங்கப்படுத்தினார்.

கனடாவில் இருக்கும் தங்கச்சிதான் தாய் சியைப் பற்றிச் சொன்னாள். சீனாவின் தற்காப்புக் கலை, ஆனால் மெதுவாகச் செய்வது. 2016இல் அமெரிக்காவில் முழங்கால் தேய்வு உள்ள 204 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்றையும் அனுப்பியிருந்தாள். 12 கிழமை தாய் சி செய்தவர்களுக்கும் பிசியோதெரபி எடுத்தவர்களுக்கும் நோவு ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது. அதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டினேன். "செய்யுங்கோ அம்மா, ஆனால் ஆழமாகக் குந்த வேண்டாம். முழங்கால் பெருவிரலைத் தாண்டி முன்னுக்குப் போகவும் கூடாது" என்றார்.

எங்கள் பக்கம் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. மூட்டுவாதக்காரருக்கென்றே செய்த யூடியூப் பாடம் பார்த்துத்தான் பழகினேன். கடற்கரையில் செய்தால் நல்லாயிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். மணல் காலுக்கடியில் நழுவும், முழங்கால் திருகும். வீட்டு விறாந்தையின் சீமெந்துத் தரைதான் எனக்குச் சரி. சூடான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெயில் ஏறமுன் முடித்துவிடுவேன்.

கை அசைவுகள் பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் உண்மையான பாடம் காலில்தான் இருக்கிறது. பாரம் முழுவதையும் ஒரு காலுக்கு மாற்றி, மற்றக் கால் வெறுமையான பிறகுதான் அதைத் தூக்க வேண்டும். வைக்கும்போது குதி முதலில் தொடும், பாரம் பிறகுதான் போகும். நாங்கள் நடக்கும்போது இதைக் கவனிப்பதே இல்லை, காலை எறிந்துவிட்டு அதன் மேல் விழுகிறோம். ஒரு கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் நெடுநாள் செய்தேன். மேகக் கைகள் என்ற அசைவு அப்புறம் தானாக வந்தது.

தொடக்கத்தில் நோவு கொஞ்சம் கூடியது. செய்து இரண்டு மணித்தியாலம் கழித்தும் வழமையைவிட நோவு கூட இருந்தால், அடுத்த நாள் நேரத்தைக் குறைக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். அந்தக் கணக்குத்தான் என்னை இடையில் விட்டுவிடாமல் காப்பாற்றியது. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் செய்வதில்லை.

தேய்ந்தது தேய்ந்ததுதான், தாய் சி அதை மாற்றாது. கோயிலில் சம்மணமிட்டு இருக்க இன்னும் ஏலாது. ஆனால் படி இறங்கும்போது சுவரைத் தேடுவதில்லை, இரவில் நோவினால் எழும்புவதும் குறைந்துவிட்டது. இப்போது பக்கத்து வீட்டு அக்காவும் காலையில் வருகிறார். அவருக்கு நாரி நோ. கதிரையில் இருந்தபடியே கைகளையும் இடுப்பையும் மட்டும் மெல்லத் திருப்புகிறார், அவருக்கு இப்போதைக்கு அது போதும்.