நவச்சாரமும் கடுக்காய்த் தண்ணீரும்

முதல் குழாயை அறுத்த நாள் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஒரு முழ நீள பி.வி.சி. குழாயில் மணலை அடைத்து, நுண்ணுயிரி வளர்த்த நீரையும் யூரியா, கால்சியம் குளோரைடு கரைசலையும் ஒன்றாகக் கலந்து மேலிருந்து சொட்டவிட்டிருந்தோம். ஏழாம் நாள் குழாயை நீளவாக்கில் பிளந்தபோது மேலே நான்கு விரல் உயரத்துக்குக் கல். ஆணியால் கீறினாலும் கோடு விழவில்லை. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் ஈர மணல். மேசை மீது பொலபொலவென்று கொட்டியது.

அந்த நான்கு விரல் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலை ஒன்றில் நான்கு ஆண்டுகள் கியூப், அதாவது வலிமையைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டி, உடைத்தவள் நான். ஏழாம் நாள் ஒரு முறை, இருபத்தெட்டாம் நாள் ஒரு முறை, இயந்திரத்தில் வைத்து நொறுக்கி எண்ணை எழுதுவதுதான் வேலை. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பால் வருகிறது என்பதைப் படித்த பிறகு, அந்த எண்களை எழுதுவதில் பழைய நிம்மதி இல்லை. சென்னை தரமணியில், மணலை நுண்ணுயிரியால் கல்லாக்கிச் செங்கல் செய்ய முயலும் ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை கிடைத்ததும் மறுபேச்சில்லாமல் சேர்ந்தேன். சூளையும் நெருப்பும் இல்லாமல், நம் ஊர் வெயிலின் சூட்டிலேயே உருவான கல்லை அந்தக் குழாயை அறுத்த அன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன்.

வேலை செய்யும் உயிரியின் பெயர் ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி. மண்ணில் வாழ்வது. அதனிடம் யூரியேஸ் என்ற நொதி நிறைய உண்டு. யூரியாவை அது உடைக்கும்போது அம்மோனியாவும் கார்பனேட்டும் வெளிவருகின்றன; சுற்றியுள்ள நீரில் காரத்தன்மை ஏறுகிறது. அங்கே கால்சியம் இருந்தால் கார்பனேட்டோடு சேர்ந்து கால்சைட் படிகமாக மணல் துகள்களுக்கு நடுவே படிகிறது. சுண்ணாம்புக்கல்லும் இதே பொருள்தான். ஃபீனால் ரெட் என்ற சாயத்தைச் சோதனைக் குழாயில் விட்டால், மஞ்சளாக இருந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாகச் செந்தாமரை நிறத்துக்கு மாறும். அந்த நிறத்தை இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இன்றும் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல் வைப்பதில்லை.

அந்த முதல் குழாயில் எங்கள் தவறு அவசரம். நுண்ணுயிரி நீரையும் கரைசலையும் ஒன்றாக ஊற்றியதால் நுழைவாயிலிலேயே படிகம் கட்டி வழியை அடைத்துவிட்டது. முதலில் நுண்ணுயிரி நீரை மட்டும் இறக்கி, அது துகள்களில் ஒட்டிக்கொள்ள சில மணி நேரம் விட்டு, பிறகுதான் யூரியாவையும் கால்சியத்தையும் கொடுக்க வேண்டும். அதுவும் பல தவணைகளாக. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணல் என்றால் தூசியை முழுக்கக் கழுவியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் தூசியே அடைத்துக்கொள்ளும். எங்கள் உதவியாளர் பழைய வளர்ப்பிலிருந்து புதுக் குடுவைக்குச் சிறிது விடுவதை 'உறை ஊற்றுவது' என்றே சொல்வார். எங்கள் பதிவேட்டிலும் இப்போது அந்தச் சொல்தான் இருக்கிறது.

குழாய் முழுவதும் கல்லாக வந்த நாளில் ஆய்வகமே கொண்டாடியது. எனக்கோ மூக்கில் ஏறிய நெடிதான் மனத்தில் தங்கிவிட்டது. கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி. அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 60 கிராம் யூரியாவும் 111 கிராம் கால்சியம் குளோரைடும் முழுமையாக வினைபுரிந்தால் 100 கிராம் சுண்ணாம்புக்கல் கிடைக்கும். கூடவே 107 கிராம் அம்மோனியம் குளோரைடும் கிடைக்கும். ஈயம் பூசுகிறவர்கள் பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கித் தூவுவார்களே, வெள்ளைப் புகை எழும்பும், அந்த நவச்சாரம்தான். செய்ய நினைத்த பொருளைவிடக் கழிவு அதிகம்! மூன்று கிலோ செங்கல்லில் பத்தில் ஒரு பங்கு கால்சைட் படிய வேண்டுமென்று வைத்துக்கொண்டால், ஆயிரம் செங்கல்லுக்கு 320 கிலோ நவச்சாரம் வந்து நிற்கும். எங்கள் பகுதி வடிகால் போய்ச் சேருவது பக்கிங்காம் கால்வாயில். அம்மோனியா மீனுக்கு நஞ்சு.

கழுவிய நீர் ஒரு சொட்டுக்கூட வடிகாலுக்குப் போகக்கூடாது என்று அடுத்த கூட்டத்திலேயே சொன்னேன். சின்ன அளவுதானே என்றார்கள். சின்ன அளவில் பழகாதவர்கள் பெரிய அளவில் எப்படிப் பழகுவார்கள் என்று கேட்டேன். அந்த வாக்குவாதம் இரண்டு மாதம் நீடித்தது. இப்போது எல்லாக் கழிவு நீரும் நீல டிரம்களில் சேர்கிறது. ஆவியாக்கி உப்பாகப் பிரிக்கிறோம். அம்மோனியம் குளோரைடை நெல்லுக்கு உரமாக இடுவதுண்டு என்பதால் அந்த வழியையும் பார்த்து வருகிறோம். யூரியாவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: அது ஆலையில், பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் 2018இல் சிறுநீரில் உள்ள யூரியாவைக் கொண்டே இப்படி ஒரு செங்கல்லை உருவாக்கினார்கள். அதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அது மிகவும் நேர்மையான முயற்சியாகப் பட்டது.

இந்தக் கணக்கெல்லாம் சேர்ந்துதான் என்னைச் செங்கல் செய்வதிலிருந்து சுவர் விரிசலை அடைப்பதற்குத் திருப்பியது. விரிசலுக்குத் தேவை சில நூறு மில்லி லிட்டர். கழிவும் அதற்கேற்பக் குறைவு. ஹாலந்தில் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் 2006 முதல் இந்த வழியில் ஆராய்ந்தவர். பாசில்லஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகளையும் அதற்கு உணவாகும் கால்சியம் லாக்டேட்டையும் கான்கிரீட்டிலேயே கலந்துவிடுவார். விரிசல் விட்டு நீர் உள்ளே போனதும் வித்து விழித்துக்கொண்டு சுண்ணாம்பை உண்டாக்கும். நாங்கள் எடுத்துக்கொண்டது ஏற்கெனவே நிற்கும் சென்னைக் கட்டடங்களை. கடல் காற்றின் உப்பில் உள்ள குளோரைடு விரிசல் வழியே உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் ஊர் இது. ஆகவே குளோரைடு கலந்த எதையும் சுவரில் விடக்கூடாது. கால்சியம் குளோரைடுக்குப் பதிலாக, கிளிஞ்சலை வினிகரில் கரைத்துக் கால்சியம் அசிடேட் எடுத்தோம்.

கிளிஞ்சல் வாங்க அலைந்தபோதுதான் அந்தக் கொத்தனாரைச் சந்தித்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மயிலாப்பூரில் ஒரு பழைய மெத்தை வீட்டுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் டிரம். உடைத்த கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிக்கொண்டிருந்தன. மூடியைத் திறந்ததும் புளித்த வாடை. மேலே மெல்லிய நுரை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குமிழி வந்து உடைந்தது.

"எத்தனை நாளாயிற்று ஐயா?" என்றேன்.

"பத்து நாள் ஆகிறது அம்மா. நுரை அடங்கட்டும். அதற்குமுன் தொட்டால் சாந்து கேட்காது" என்றார்.

புளிக்கும்போது கரியமில வாயு வருகிறது. சுண்ணாம்பு இறுகிக் கல்லாவதற்கு வேண்டியதும் அதே வாயுதான். நாங்கள் குளிரூட்டிய அறையில் குடுவைக்குள் வளர்ப்பதை அவர் பின்கட்டில் டிரம்மில் வளர்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வேலையைப் பற்றிச் சொன்னேன். "பூச்சியை வைத்துச் சுண்ணாம்பா?" என்று கேட்டவர், பிறகு வெகு அக்கறையோடு விவரம் விசாரித்தார்.

பட்டினப்பாக்கத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நான்கு விரிசல்களை எடுத்துக்கொண்டோம். புரட்டாசி முழுக்க நாள்தோறும் ஊசியால் முதலில் நுண்ணுயிரி, பிறகு கரைசல், கடைசியில் நல்ல நீரால் அலசல். ஐப்பசி மழையில் மூன்று விரிசல்கள் காய்ந்தே இருந்தன. நான்காவது ஒழுகியது. உருப்பெருக்கியில் பார்த்தேன்: படிகம் அழகாகக் கட்டியிருந்தது, நடுவே மயிரிழைபோல் மறுபடியும் பிளவு.

கொத்தனாரை அழைத்துப்போய்க் காட்டினேன். சுவரைக் கையால் தடவிவிட்டுக் கேட்டார்: "இது நிற்கிற விரிசலா, நடக்கிற விரிசலா என்று பார்த்தீர்களா?" நான் பார்க்கவில்லை. பிளவின் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஒரு ரூபாய் நாணயம் அளவு அப்பி, "இது உடைந்தால் சுவர் நடக்கிறது" என்றார். பதினெட்டாம் நாள் அது உடைந்தது. பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் சுவர். எந்த உயிரி கட்டும் கால்சைட்டும் அந்த அசைவைத் தாங்காது.

இந்த ஆண்டு திருவான்மியூரில் ஒரு கட்டடம் கிடைத்திருக்கிறது. ஏழு விரிசல்கள். போன வாரம் ஏழின் மேலும் வெள்ளைப் பொட்டு வைத்து, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதிவிட்டு வந்தோம். வேலையை எப்போது தொடங்குவீர்கள் என்று குடியிருப்பவர்கள் கேட்கிறார்கள். குடுவைகள் குளிர்பெட்டியில் தயாராக இருக்கின்றன. நேற்று மாலை போய்ப் பார்த்தேன். மூன்றாவது பொட்டின் ஓரத்தில் நூல்போல் ஒரு கோடு தெரிந்தது. மற்ற ஆறும் முழுசாக இருக்கின்றன.