எல்டிஎல்லுக்கு ஒரு மருந்து, டிரைகிளிசரைடுக்கு வேறு கணக்கு

லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட்டில் எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு எனும் இன்னொரு வகைக் கொழுப்பு இரண்டுமே கூடியிருந்தால் பலரும் முதலில் கேட்பது, "எந்த மாத்திரை நல்லா குறைக்கும்?" என்பதுதான். எதைக் குறைக்க, எதற்காகக் குறைக்க என்பது தெளிவானால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். எல்டிஎல்லைக் குறைப்பது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்க. டிரைகிளிசரைடு 500-ஐ (இங்கே வரும் ரத்த அளவுகள் எல்லாம் மி.கி./டெ.லி. கணக்கில்) தாண்டினால் கணையத்தைப் பற்றிய கவலை தொடங்குகிறது. 1000-க்கு மேல் போனால் கணைய அழற்சி வரும் ஆபத்து நன்றாகவே கூடிவிடும்.

எல்டிஎல்லுக்கு முதல் மருந்து ஸ்டாட்டின்தான். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை இது தடுக்கிறது. உள்ளே சரக்கு குறைந்ததும் கல்லீரல் செல்கள் எல்டிஎல் ஏற்பிகளைக் கூடுதலாக உருவாக்கி, ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்கின்றன. அட்டோர்வாஸ்டாட்டின் 40 அல்லது 80 மி.கி., ரோசுவாஸ்டாட்டின் 20 அல்லது 40 மி.கி. எடுத்தால் எல்டிஎல் பாதியளவு குறையும். இவை இரண்டையும் எந்த நேரத்திலும் போடலாம். சிம்வாஸ்டாட்டின் மட்டும் இரவில்; உடம்பில் அது அதிக நேரம் தங்குவதில்லை.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் கணக்கு ஒன்று உண்டு. ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாகக் குறைவது சுமார் 6 சதவீதம்தான். அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. எடுத்து எல்டிஎல் 100-இல் நிற்கிறது என்றால், 40-க்கு ஏற்றினால் ஏறக்குறைய 94-க்கு வரும். அதே 20 மி.கி.யோடு எசெட்டிமைப் 10 மி.கி. சேர்த்தால் 80-ஐ ஒட்டி வந்துவிடும். எசெட்டிமைப் வேலை செய்யும் இடம் குடல். அங்கே கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால் ஸ்டாட்டினோடு மோதாது, பக்கவிளைவும் குறைவு. டோஸை ஏற்றிக்கொண்டே போவதைவிட இந்தக் கூட்டணியைச் சீக்கிரம் தொடங்குவதே புத்திசாலித்தனம் என்பேன்.

அதற்கும் அடங்காவிட்டால் ஊசிகள் இருக்கின்றன. எவலோகுமாப், அலிரோகுமாப் இரண்டும் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. எல்டிஎல் 60 சதவீதம் வரை குறையும். இன்கிளிசிரான் முதல் ஊசிக்கு மூன்று மாதம் கழித்து இன்னொன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தசைவலியால் ஸ்டாட்டினைத் தாங்க முடியாதவர்களுக்கு பெம்பெடோயிக் ஆசிட் 180 மி.கி. ஒரு வழி. இது கல்லீரலில்தான் செயல்படும் வடிவத்துக்கு மாறுகிறது, தசைக்குள் மாறுவதில்லை. ஆனால் யூரிக் ஆசிட் ஏறும். கவுட் (யூரிக் ஆசிட் படிவதால் வரும் மூட்டுவலி) உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

டிரைகிளிசரைடுக்கு வருவோம். மருந்துக்கு முன் காரணத்தைத் தேட வேண்டும்: கட்டுப்படாத சர்க்கரை, மது, தைராய்டு குறைவு, ஸ்டீராய்டு. இவற்றைச் சரிசெய்தாலே எண் மளமளவென்று இறங்குவது உண்டு. ஸ்டாட்டினும் ஓரளவு குறைக்கும். 500-க்கு மேல் தொடர்ந்து நின்றால் ஃபைப்ரேட் வகை மருந்தான ஃபெனோஃபைப்ரேட் கொடுப்பார்கள். 30 முதல் 50 சதவீதம் வரை இறங்கும். ஆனால் ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கு இதைச் சேர்த்ததால் மாரடைப்பு குறைந்ததா என்றால், 2010-இல் வெளியான அக்கார்டு ஆய்வு இல்லை என்றது. 2022-இல் அதே வகையைச் சேர்ந்த பெமாஃபைப்ரேட்டை வைத்து நடந்த புராமினன்ட் ஆய்விலும் டிரைகிளிசரைடு இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. அதனால் 220, 250 என்ற அளவுக்கு அவசரமாக ஃபைப்ரேட் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொரு ஃபைப்ரேட்டான ஜெம்ஃபைப்ரோசில் எடுப்பவர்கள் ஸ்டாட்டினைச் சேர்க்கவே கூடாது. ஸ்டாட்டின் உடம்பிலிருந்து வெளியேறுவதை அது தடுப்பதால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கப்படலாம். சேர்த்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஃபெனோஃபைப்ரேட்தான். அதிலும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீன் எண்ணெய் விஷயத்தில் குழப்பம் அதிகம். 2018-இல் ரெட்யூஸ்-இட் ஆய்வில் பலன் காட்டியது ஐகோசபென்ட் எத்தில், தினம் 4 கிராம். இது மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களில் ஒன்றான இபிஏ மட்டும், சுத்திகரித்தது. இபிஏவும் டிஹெச்ஏ என்ற இன்னொரு ஒமேகா-3யும் கலந்த மருந்தை வைத்து நடந்த ஸ்ட்ரெங்த் ஆய்வில் பலன் தெரியவில்லை. சீட்டில்லாமல் வாங்கும் சாதாரண 1000 மி.கி. கேப்சூலில் இபிஏ 180 மி.கி. அளவில்தான் இருக்கும்; 4 கிராம் வேண்டுமானால் ஒரு நாளைக்கு 20-க்கு மேல் விழுங்க வேண்டும். அதிக அளவில் எடுத்தால் இதயத் துடிப்பு சீரற்றுப் போகும் வாய்ப்பும் கூடுகிறது.

ரிப்போர்ட் படிக்கும்போது மொத்த கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல் எனும் நல்ல கொலஸ்ட்ராலைக் கழித்துப் பாருங்கள். மொத்தம் 240, எச்டிஎல் 40, டிரைகிளிசரைடு 300 என்றால், வழக்கமான சூத்திரப்படி (டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கழித்தால்) எல்டிஎல் 140. எச்டிஎல்லை மட்டும் கழித்து வருவதோ 200. தமனியில் படியக்கூடிய கொழுப்பு முழுவதும் அந்த 200-க்குள் அடங்குகிறது. இந்த எண்ணுக்கான இலக்கு, உங்கள் எல்டிஎல் இலக்கோடு 30 கூட்டினால் வருவது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தச் சூத்திரத்தில் வரும் எல்டிஎல்லை நம்பக் கூடாது. நேரடியாக அளக்கச் சொல்லுங்கள்.

மருந்து தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபரிசோதனை. தசைவலி வந்தால் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி சிகே (தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, வைட்டமின் டி பார்க்க வேண்டும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொடுத்தால் சிம்வாஸ்டாட்டின் எடுப்பதை உடனே சொல்லுங்கள். அந்த நாட்களுக்கு சிம்வாஸ்டாட்டினை நிறுத்தி வைப்பார்கள். ரோசுவாஸ்டாட்டினுக்குப் பிறகு ஆன்டாசிட் வேண்டுமானால் இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் ஸ்டாட்டினைப் பற்றி முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.