போகிக்குள் அப்பாவின் கம்ப்யூட்டர்: கடலூர் நாட்குறிப்பு

3 ஜனவரி 2026, சனி

புதுச்சேரியில் பஸ் ஏறும்போதே அம்மா போனில் சொல்லிவிட்டார்: "போகிக்குள்ள அந்தப் பெட்டிய ஒரு வழி பண்ணுடா, இல்லன்னா பழைய பாயோட சேத்து அதையும் வெளிய வெச்சிடுவேன்." பெட்டி என்பது அப்பாவின் கம்ப்யூட்டர். 2016இல் வாங்கியது, ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். தமிழாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கடலூரைப் பற்றி அவர் எழுதிய எல்லாமே அதற்குள்தான் கிடக்கிறது. தீபாவளிக்குப் பிறகு திரையே வருவதில்லை. ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்காமல் "விண்டோஸ் 10 முடிஞ்சிடுச்சு சார், இனிமே இது ஓடாது, புதுசா ஒண்ணு எடுத்துடுங்க" என்று அனுப்பிவிட்டாராம்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட்டை நிறுத்தியது போன அக்டோபர் 14ஆம் தேதி. அது நின்றால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அதற்காக எந்த மெஷினும் திரை காட்டாமல் போகாது. ஸ்விட்சைப் போட்டேன், உள்ளே ஃபேன் சுற்றுகிறது, நீளமாக விட்டுவிட்டு பீப் சத்தம், மானிட்டரில் சிக்னல் இல்லை என்கிறது. பீப் நீளமாக வந்தால் பெரும்பாலும் ராம் என்கிற நினைவகப் பட்டைதான். கேபினட்டின் பின்பக்கத் தகட்டில் கை பட்டதும் சுருக்கென்றது. "அது எப்பவும் அப்படித்தான் அடிக்கும், நான் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் தொடுவேன்" என்றார் அப்பா, வெகு சாதாரணமாக. ராமை அப்படியே விட்டுவிட்டு முதலில் இதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

4 ஜனவரி, ஞாயிறு

தெருமுனை எலக்ட்ரீசியன் அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். பிளக் பாயிண்டில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட்டை ஒட்டிச் சரியாக இருந்தது, பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தால் மீட்டர் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது. எர்த் இல்லை என்றுதான் அர்த்தம். மூன்று ஓட்டை சாக்கெட், மூன்று முள் பிளக், எல்லாம் இருக்கிறது, மேல் ஓட்டைக்குப் பின்னால்தான் ஒன்றும் இல்லை.

இந்த ஷாக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன், இங்கே பாதி வீடுகளில் "கம்ப்யூட்டர்ல கரண்ட் லீக் ஆவுது" என்று பவர் சப்ளையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எஸ்.எம்.பி.எஸ் என்கிற அந்தப் பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்ன கெபாசிட்டர்களைக் கேபினட் தகட்டோடு இணைத்திருப்பார்கள். வடிகட்டிய மிச்சம் எர்த் வழியாக மண்ணுக்கு இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் தகடு இரண்டுக்கும் நடுவில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கெபாசிட்டர் வழியாக வரும் கரண்ட் ரொம்பக் குறைவு, அதனால் சுருக்கென்பதோடு போய்விடும், டெஸ்டர் மட்டும் பளிச்சென்று எரியும். பவர் சப்ளை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நிலையில் மானிட்டர் கேபிளைப் பிடுங்கிச் செருகினால் போர்ட் அடிபட வாய்ப்பு உண்டு. நிஜமாகவே உள்ளே ஒரு பேஸ் வயர் தகட்டில் பட்டுவிட்டால் ஃபியூஸும் போகாது, ஆள்தான் போக வேண்டும்.

கொல்லையில் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் எர்த் குழியைத் தோண்டினோம். வீடு கட்டியபோது கரியும் உப்பும் போட்டு இறக்கிய ஜி.ஐ. பைப், மண்ணுக்கு மேல் ஒரு முழம் இருந்தது, கீழே பைப் என்று சொல்வதற்கு எதுவும் இல்லை, கையில் எடுத்தால் அடுக்கு அடுக்காகச் செதில் உதிர்ந்தது. கரண்ட் நன்றாக இறங்கட்டும் என்று போட்ட உப்பே பைப்பைத் தின்றிருக்கிறது, போதாததற்கு தேவனாம்பட்டினம் கடல் கூப்பிடு தூரம். செம்பு பூசிய ராடு புதிதாக அடித்து, மெயின் போர்டு வரைக்கும் வயர் இழுத்து முடிக்கும்போது மதியம் தாண்டிவிட்டது. தகட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தொட்டார், அப்புறம் அம்மாவையும் கூப்பிட்டுத் தொடச் சொன்னார்.

சாயங்காலம் ராம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். ராமின் தங்க நிறப் பற்கள் மேல் வெள்ளையாக ஒரு படலம், ஓரத்தில் லேசான பச்சை. கடலோர வீட்டில் நாள் முழுக்க ஜன்னல் திறந்திருந்தால் இதுதான் நடக்கும். பள்ளிக்கூட ரப்பரால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்தேன், துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டினேன் (ஊதினால் எச்சில் ஈரம் போய் ஒட்டும்), செருகினேன். திரை வந்தது. அந்தக் கடைக்காரரிடம் ஒரு ரப்பர் இருந்திருந்தால் போதும்.

தேதி மட்டும் 2015 ஜனவரி 1 என்று காட்டியது. பிரவுசரில் எந்தத் தளத்துக்குப் போனாலும் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று சிவப்பாக எச்சரிக்கை. நெட்டில் கோளாறு இல்லை. ஒவ்வொரு தளமும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழைக் காட்டுகிறது, பதினோரு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு அவையெல்லாம் இன்னும் பிறக்காத சான்றிதழ்கள், நம்ப மறுக்கிறது. மதர்போர்டில் பொத்தான் மாதிரி ஒரு சிஆர்2032 பேட்டரி இருக்கும், 3 வோல்ட், அது தீர்ந்துவிட்டால் கரண்ட் போனதும் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிடும். வாட்ச் கடையில் கிடைக்கும்.

6 ஜனவரி, செவ்வாய், புதுச்சேரி

வேலை முடிந்து வந்து யோசனை. விண்டோஸ் 11 போட முடியாது. அது கேட்கும் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி அந்த போர்டில் இருக்கிறது, ஆனால் இன்டெல் ப்ராசஸர்களில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். சோதனையைத் தாண்டிப் போடுவதற்கு வழிகள் உண்டு, என் மெஷினாக இருந்தால் போட்டுப் பார்ப்பேன். அப்படிப் போட்டதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை, அப்பா வீட்டில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். விண்டோஸ் 10க்கே வீட்டு உபயோகக்காரர்களுக்கு இந்த 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் உண்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் காசில்லாமலே கிடைக்கும். ஆனால் ஆயுத பூஜைக்கு இதே கதையை மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் 22 வரிசைதான். 2029 வரை அப்டேட் வரும். அப்பா செய்வது டைப் அடிப்பது, படிப்பது, யூடியூபில் பட்டிமன்றம், இவ்வளவுக்குத் தாராளம். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக, சுற்றும் தட்டே இல்லாத 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி புதிதாக ஒன்று வாங்கினேன். ராம் விலையைக் கேட்டு நின்றுவிட்டேன், ஏஐ டேட்டா சென்டர்காரர்கள் மெமரியை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதில் டிடிஆர்4 என்கிற பழைய ரக ராம்கூட ஏறிக் கிடக்கிறது. நண்பரிடம் சும்மா கிடந்த 4 ஜிபி ஒன்றைக் கேட்டு வாங்கியாகிவிட்டது, ஆக மொத்தம் 8.

10 ஜனவரி, சனி

பழைய ஹார்ட் டிஸ்கின் கேபிளை முதல் வேலையாகக் கழற்றி வைத்தேன். இன்ஸ்டால் செய்யும்போது அது கண்ணிலேயே படக்கூடாது. எந்த டிஸ்கை அழிக்கட்டும் என்று இன்ஸ்டாலர் கேட்கும்போது பட்டியலில் ஒன்றே ஒன்று இருந்தால் யோசிக்க வேண்டியதே இல்லை. பென் டிரைவிலிருந்து மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, அதிலேயே இலகுவானது. காபி குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

பழைய டிஸ்கில் ஸ்விட்ச் போட்டுவிட்டு அப்பா பூப்பறித்துக்கொண்டு வருவாராம், அப்போதுதான் டெஸ்க்டாப் வந்திருக்கும். நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றுகிற தட்டில் ஊசி தேடித் தேடிப் போய்ப் படிக்க வேண்டும். ஒரு துண்டு தகவலைத் தேடுவதற்குச் சுமார் 10 மில்லிசெகண்ட், கம்ப்யூட்டர் கிளம்ப அப்படி ஆயிரக்கணக்கான துண்டுகள். எஸ்எஸ்டியில் தேடுவதற்கு ஊசியே இல்லை. ப்ராசஸர் அதேதான், ஆனால் புதுசு வாங்கினாயா என்று அம்மா கேட்டார்.

அப்புறம் பழைய டிஸ்கை மாட்டினேன். விண்டோஸ் சரியாக மூடாமல் வேகத் தொடக்கத்துக்காகப் பாதித் தூக்கத்தில் விட்டிருந்ததால் மின்ட் அதைப் படிக்க மட்டும் திறந்தது, எழுத விடவில்லை. ரொம்ப நல்லது, அப்படியே இருக்கட்டும்.

11 ஜனவரி, ஞாயிறு

அம்மாவுக்கு டேப். அக்கா கொடுத்து அனுப்பியது. அக்கா பையன் அதை செட்டிங்ஸுக்குப் போகாமல் ரிகவரி மெனு வழியாக அழித்திருக்கிறான், அதனால் திறந்தவுடன் முன்பிருந்த கூகிள் கணக்கைக் கேட்டு நின்றது. திருடியவன் பயன்படுத்தக் கூடாது என்று ஆண்ட்ராய்டு 5.1இல் வந்த பூட்டு. கொடுப்பவர்கள் முதலில் செட்டிங்ஸில் கணக்கை எடுத்துவிட்டு அப்புறம் அழித்தால் தொல்லையில்லை. அக்கா போனிலேயே பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சொல்ல ஒரு மணி நேரம். எழுத்து அளவைப் பெரிதாக்கி, வாட்ஸப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தினேன். சமையலறையில் வைஃபை வரவில்லை என்றார், பழைய காலத்துச் சுவர், 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டாது, 2.4இல் இணைத்ததும் வந்துவிட்டது.

14 ஜனவரி, புதன், போகி

லீவு போட்டுவிட்டு வந்தேன். விடிகாலையிலேயே தெருவில் புகை. அப்பா கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை, ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் ஆச்சரியக்குறியுமாகப் பக்கம் பக்கமாக.

அழியவில்லை. அவர் ஆரம்பத்திலிருந்து பாமினி, வானவில் என்ற ஃபாண்டுகளில் அடித்தவர். அந்தக் காலத்து ஃபாண்டுகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை, கோப்புக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துதான், ஃபாண்ட் என்ற முகமூடியைக் கழற்றினால் அது தெரிந்துவிடும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தருகிற யூனிகோடில் தமிழுக்கென்று தனியாக 128 இடம் 1991இலேயே ஒதுக்கியாகிவிட்டது, தமிழக அரசும் 2010இல் ஏற்றுக்கொண்டது, ஆனால் டிடிபி கடைகளும் அப்பாவும் மாறவில்லை. பழைய விண்டோஸ் டிஸ்கிலிருந்து அந்த ஃபாண்ட் கோப்புகளை எடுத்து மின்ட்டில் போட்டேன். எழுத்து திரும்ப வந்தது. "குண்டு உப்பலவாடி" என்று தலைப்பு தெரிந்ததும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். 1690இல் மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை கம்பெனி நிலம் என்று பேச்சு. குண்டு எல்லைக்குள் வந்த கிராமங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை அது.

17 ஜனவரி, சனி, காணும் பொங்கல்

ஃபாண்ட் போட்டது கைவைத்தியம்தான், யூனிகோடுக்கு மாற்றினால்தான் தேட முடியும், போனில் அனுப்ப முடியும். மாற்றி நிரல் வழியாக விட்டால் பெரும்பகுதி சரியாக வருகிறது, மிச்சத்தில்தான் பாடு. பழைய ஃபாண்டில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்பார்கள், கொம்பு முதலில், பிறகு மெய். யூனிகோடில் மெய் முதலில். அதை நிரல் புரட்டிவிடுகிறது. ஆனால் ஔகாரக் குறியும் ள என்ற எழுத்தும் ஒரே வடிவமாக இருந்ததால் கௌரவம் எல்லாம் கெ, ள என்று பிரிந்து நிற்கிறது. கால் போட வேண்டிய இடத்தில் அப்பா பல இடங்களில் ர அடித்திருக்கிறார், தாளில் பார்த்தால் யாருக்கும் தெரியாது, இப்போது தேடினால் "பாடலீஸ்வரர்" பாதிதான் அகப்படுகிறார். இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களையும் தமிழ் என்று நினைத்து நிரல் உளறிவைத்திருந்தது. அதனால் முழுக் கோப்பாக விடாமல், எந்த வரி எந்த ஃபாண்டில் என்று பார்த்துத் தமிழ் ஃபாண்டில் இருப்பதை மட்டும் மாற்றினேன்.

தமிழில் டைப் அடிப்பதற்கு ஐபஸ் என்ற நிரல், அதோடு விசைப்பலகை அமைப்புகள் அடங்கிய எம்17என் தொகுப்பு. பட்டியலில் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிப்பு, பழைய தட்டச்சு எல்லாம் இருந்தன. தமிழ்99 எளிது என்று சொல்லிப் பார்த்தேன். "இந்த வயசுல விரல மாத்தச் சொல்றியா நீ?" தட்டச்சையே வைத்தாயிற்று.

இன்றைக்கு உறவுக்காரர்கள் எல்லாரும் சில்வர் பீச்சுக்குக் கிளம்பிவிட்டார்கள், அப்பா வரவில்லை, ர-வையும் காலையும் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறார், தானாகத் திருத்தித் தருகிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறார், நடுவில் வாக்கியத்தையும் மாற்றிக்கொள்கிறார். மாற்றியதை எல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டு அவர் மேசையில் வைத்தேன், இன்னொரு பிரதி என்னோடு புதுச்சேரிக்கு வருகிறது. பாமினியும் இல்லாமல் வானவில்லும் இல்லாமல் சில கோப்புகள் கிடக்கின்றன, ஏதோ டிடிபி கடையில் அடித்து வாங்கியவை, எந்த மாற்றியும் அடையாளம் காணவில்லை. அச்சான புத்தகம் வீட்டில் இருக்கிறதாம், பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தக் குறி எந்த எழுத்து என்று அட்டவணை போட வேண்டும், அடுத்த சனிக்கிழமை.